பெரிய சார் வரும் வரை

எங்கள் தலைமையாசிரியரான தக் பியோங்சு, ஆற்றைத் தாண்டித் தெற்கே ஓடியவர். ஓடியவர் என்று அப்போது யாரும் சொல்ல மாட்டார்கள். 'ஆற்றைக் கடந்தவர்' என்பார்கள், ஏதோ நீந்திப் போய் எதிரியின் கொடியைப் பிடுங்கி வந்தவரைப் போல. போர் தொடங்கிய ஜூன் கடைசியில், வடக்கின் டாங்கிகள் சியோலுக்குள் நுழையச் சில மணி நேரம் இருக்கும்போது ஓர் அரிசி லாரியில் தொற்றிக்கொண்டு போனார். செப்டம்பர் கடைசியில் தெற்கின் படை நகரத்தை மீட்ட பிறகு, அமெரிக்க ஜீப்பில், புது ஓவர்கோட்டில், முகம் பார்க்கலாம் போலிருந்த கறுப்பு ஷூவில் பள்ளி வாசலில் வந்து இறங்கினார். மூன்று முறை தொண்டையைக் கனைத்தார். அவர் எது பேசுவதற்கு முன்பும், 'தண்ணீர் கொண்டு வா' என்பதற்கு முன்பும்கூட, அந்த மூன்று கனைப்பு உண்டு.

"யொம் சார், உயிரோட இருக்கீங்களா?" என்றார் என்னிடம். விசாரிப்பா குற்றச்சாட்டா என்று பிரித்தறிய முடியாத குரல்.

"ஏதோ இருக்கேன், பெரிய சார்."

அந்த நாட்களில் உயிரோடு இருப்பதற்கும் காரணம் காட்ட வேண்டியிருந்தது. 'தலைநகரம் பத்திரமாக இருக்கிறது, யாரும் இடத்தை விட்டு அசைய வேண்டாம்' என்ற அரசு அறிவிப்பை நம்பி அசையாமல் இருந்தவர்கள் எல்லாரும் இப்போது சந்தேகத்துக்குரியவர்கள். நம்பாமல் அசைந்தவர்கள் வீரர்கள். நான் என் வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில், கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில், கோடை முழுவதும் படுத்திருந்தவன். படுத்திருந்ததால் வடக்கத்தியார் ஆட்சியில் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. நடத்தாததால் தேசபக்தன். கிட்டே வந்து முகர்ந்து பார்த்தே என்னை நம்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பியோ இன்சுக் டீச்சருக்கு அந்த வாசனை இல்லை. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் டீச்சர் அவர். கோடை முழுக்கப் பள்ளிக்கு வந்து, புதுக் கொடியின் கீழ், புதுப் பாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார். வராவிட்டால் ரேஷன் இல்லை. அதற்கு மட்டும் என்றால் சில மாதச் சிறையோடு போயிருக்கும். அவர் மேல் விழுந்தது அதைவிடக் கனமானது.

ஜூன் மாதத்து அந்தக் காலையில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் மதியத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பியோ டீச்சரின் வகுப்பு மட்டும் போகவில்லை. பள்ளியின் பின்புறக் கட்டடத்தில், யாரும் இல்லாத வளாகத்தில், அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்தே இருந்தார்கள். பிற்பகலில் ஒரு பீரங்கி ஷெல் வந்து பின்சுவரைப் பெயர்த்தது. உடல்களை எடுக்கப் போனவர்கள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரு பிள்ளைகூட எழுந்து ஓடியதாகத் தெரியவில்லை. முதுகை நிமிர்த்தி, கையை முழங்கால் மேல் வைத்தபடி இருந்தார்களாம்.

யாரோ உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். அது பியோதான் என்றார் பெரிய சார். வடக்கத்தியாருக்கு வரவேற்புப் பாட்டுப் பாடப் பிள்ளைகளை நிறுத்தி வைத்தாளாம். அக்டோபர் முதல் வாரத்தில் டீச்சரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் லாரியில் ஏற்றுவார்கள். அந்த லாரிகள் மலைப் பக்கம் ஆட்களோடு போய்க் காலியாகத் திரும்புவதை நகரமே பார்த்துக்கொண்டிருந்தது.

*

முன் கட்டடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டதால் பள்ளி நடத்த மிஞ்சியது அந்தப் பின்புற அறைதான். பெயர்ந்த சுவருக்குப் பலகையும் தார்ப்பாயும் அடித்திருந்தார்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு விறகு அடுப்பு இருந்தது. வளாகத்திலேயே அடுப்புள்ள ஒரே அறை.

வாத்தியார் வேலையில் கால் தேய்ந்தவனுக்கு ஓர் அறை காலியா நிறைந்ததா என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். காலி அறையில் குரல் சுவரில் பட்டுத் திரும்பும். பிள்ளைகள் நிறைந்த அறையில் அவர்களுடைய உடுப்பும் உடம்பும் அதை வாங்கிக்கொள்ளும். முதல் நாள் யாரும் வருவதற்கு முன், உள்ளே நின்று ஒருமுறை இருமினேன்.

இருமல் திரும்பி வரவில்லை.

நகரத்தில் மிச்சமிருந்த பிள்ளைகளை எல்லா வகுப்பிலிருந்தும் திரட்டி ஒன்றாக உட்கார வைத்தேன். எல்லாரும் பின்னால் போய், தார்ப்பாய் வழியே குளிர் ஊசியாக இறங்கும் இடத்தில், ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டார்கள். முன் வரிசைகள் அப்படியே கிடந்தன.

"முன்னாடி வாங்கடா. அடுப்பு இங்கதானே இருக்கு."

"இடம் இல்ல சார்," என்றான் மான்ஷிக். அவனைத்தான் லீடராகப் போட்டிருந்தேன்.

வாத்தியார் நுழைந்ததும் லீடர் 'நிமிர்' என்பான், எல்லாரும் நிமிர்வார்கள். 'வணங்கு' என்பான், வணங்குவார்கள். முடியும்போதும் அதேதான். அதன்பின் வாத்தியார் 'போகலாம்' என்றால்தான் வகுப்பு கலையும். நாங்களும் அப்படித்தான் படித்தோம். தூக்கத்தில் கேட்டாலும் முதுகு நிமிரும்.

வாரக் கடைசியில் மான்ஷிக் வந்து நின்றான்.

"சார், லீடர் வேலை எனக்கு வேணாம்."

"ஏன்டா, பெருமை தாங்கலையா?"

"நான் சொல்றதுக்கு முன்னாடியே அந்த அக்கா சொல்லிடுது." முன் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "நானே அதுக்குத்தான் சார் வணங்குறேன். அப்புறம் எதுக்கு நான்?"

அன்று மாலை வகுப்பு முடிந்து 'போகலாம்' என்றேன். யாரும் எழவில்லை. முகங்களில் பயம்கூட இல்லை, ஒரு சங்கடம். சட்டை நுனியை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களின் முகம். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ ஒரு வாசனை, மூடி திறக்காத சாப்பாட்டு டப்பாவுக்குள் வேர்த்துப்போன பார்லிச் சோறும் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயும். அந்தப் பஞ்சத்தில் எந்தப் பிள்ளை சாப்பாடு கொண்டு வந்தது?

"எழுந்திருங்கடா. வீட்டுக்குப் போங்க."

"பெரிய சார் இன்னும் வரலையாம் சார்," என்றான் மான்ஷிக் மெல்ல.

ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். மறுநாளிலிருந்து முற்றத்துப் பனியில் வகுப்பு.

பெரிய சாரிடம் சொன்னேன். மூன்று முறை கனைத்தார். "பேய்ங்கிறது வடக்கத்தியான் கிளப்பிவிடுற வதந்தி, யொம் சார். குடியரசுல பேய்க்கு இடம் கிடையாது."

"அப்போ ஒரு நாள் நீங்களே வந்து பாடம் எடுங்களேன்."

"எனக்கு நிர்வாகம் இருக்கு."

வந்த நாளிலிருந்து அவர் அந்த அறைப் பக்கமே போனதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

*

நவம்பரில் விசாரணை. நடத்த வந்த கேப்டன் மேங் தூக்கம் பார்த்துப் பல நாளான மனிதர். எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய சார் இழுத்தபோது, "அடுப்பு எங்க இருக்கு? அங்க," என்று முடித்துவிட்டார். எழுதுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று.

பியோ டீச்சரைக் கயிறு கட்டிக் கூட்டி வந்தார்கள். வாசற்படியில் ரப்பர் காலணியைக் கழற்றினார். கழற்றியவர் குனிந்து, கட்டிய கைகளோடு, வெறும் தரையில் எதையோ ஜோடி ஜோடியாகத் திருப்பி வைப்பது போலச் செய்தார். விருந்தாளியின் காலணியை, புறப்படும்போது போட வசதியாக, முனை வெளியே பார்க்க வைப்போமே, அப்படி. எனக்கு அங்கே எதுவும் தெரியவில்லை.

"யொம் சார், பிள்ளைங்க இன்னும் போகலையா?" என்றார் கிசுகிசுப்பாக.

"என்ன பேச்சு டீச்சர் இது. இன்னிக்குத் தப்பலைன்னா லாரி. உங்க உயிரைப் பாருங்க."

"யார் உட்காரச் சொன்னதுன்னு வெளிய வந்தாப் போதும். என் உயிரும் அதுலதான் இருக்கு. அவங்க வீடு போறதும் அதுலதான் இருக்கு."

கேப்டன் மேசைக்கு முன் அமர்ந்தார். டீச்சரை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்து, இரு பக்கமும் இரண்டு சிப்பாய்கள் உட்கார்ந்தார்கள். நான் சிறுபிள்ளை மேசையில் முழங்காலை மடக்கிக்கொண்டு. பெரிய சார் மட்டும் மேடைப் பலகையில் ஏறி நின்றார். ஒரு மேடையைப் பார்த்தும் ஏறாமல் அவரால் இருக்க முடியாது.

"பத்து மணிக்கே பள்ளியைக் கலைச்சிட்டேன். கடைசிப் பிள்ளை கேட்டைத் தாண்டுற வரைக்கும் இந்தக் கண்ணால பார்த்தேன். அதுக்கப்புறம் இந்தப் பொம்பளை இவ வகுப்பைத் திருப்பிக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சிருக்கா."

"அன்னிக்கு நான் பள்ளிக்கே வந்து சேரல சார்," என்றார் டீச்சர் கேப்டனிடம். "டிராம் ரோட்டுல சண்டை. தாண்ட விடல."

"யார் சாட்சி?"

"யாரும் இல்ல."

பெரிய சார் புன்னகைத்தார். பிறகு தேசம் பற்றி, கடமை பற்றி, தாம் ஆற்றைக் கடந்த இரவின் நட்சத்திரங்கள் பற்றிப் பேசினார். எழுதி எழுதி என் விரல் மரத்தது. ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாயிற்று. கேப்டன் மூக்கைச் சுருக்கினார்.

"யாராவது சாப்பாடு வச்சிருக்கீங்களா?"

யாரும் வைத்திருக்கவில்லை.

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் என் பேனா முனையில் மை உறைந்தது.

முன் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நிமிர்."

என் முதுகு தானாக நிமிர்ந்தது. சிப்பாய்களின் முதுகு நிமிர்ந்தது. எத்தனையோ சண்டையைப் பார்த்த கேப்டன் மேங், இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சின்னப் பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

"வணங்கு."

வணங்கினோம். மேடையிலிருந்து பெரிய சாரும் பதிலுக்குத் தலையைச் சற்றே தாழ்த்தினார், தலைமையாசிரியர்கள் தாழ்த்தும் அளவுக்கு.

பிறகு அந்தக் குரல். நெடுநேரம் பேசாமல் கட்டிப்போன, ஒரு சிறு பெண்ணின் குரல்.

"பெரிய சார், குண்டுச் சத்தம் கிட்ட கேக்குது. நாங்க எழுந்து போகலாமா?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் பிள்ளை கேள்வி கேட்டு, அதுவும் மேடையில் நிற்கும்போது, பதில் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லாத மனிதர். மூன்று முறை கனைத்தார்.

"யாரும் எழுந்திரிக்கக் கூடாது. நான் கல்வி ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வர்றேன். நான் வந்து சொல்ற வரைக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒக்ரான், நீதான் பொறுப்பு."

"சரிங்க பெரிய சார்."

தாம் சொன்னது அவர் காதுக்கே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கன்னம் மெல்லத் துடிக்க ஆரம்பித்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மேடையை விட்டு இறங்கி, கதவைத் திறந்து, வெளியே போய், சாத்திவிட்டார். சரளைக்கல்லில் ஷூச் சத்தம் வேகமாகத் தேய்ந்தது.

எனக்கு எழ வேண்டும் போல இருந்தது. எழ முடியவில்லை.

"வாத்தியாரே," என்றார் கேப்டன், உதட்டை அசைக்காமல். "என் காலு..."

"எனக்கும்தான் சார்."

"சுடுடா," என்றார் சிப்பாயிடம்.

"எதைச் சுடறது சார்?" என்றான் அவன் அழாக்குறையாக.

அடுப்பு அணைந்தது.

கூரையிலிருந்து மேசை மேல் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

வெகு தூரத்தில், வானத்தில், ஒரு ஷெல்லின் சீழ்க்கை. மெல்லியது. ஜூன் மாதத்திலிருந்து வந்துகொண்டே இருப்பது.

அது நெருங்கியது.

பியோ டீச்சர்தான் பேசினார். வருகைப் பதிவின்போது பேசுவாரே, அந்தச் சாதாரணக் குரலில்.

"ஒக்ரான். நான் வந்துட்டேன்மா."

சீழ்க்கை அதே இடத்தில் நின்றது, பட்டத்தின் நூலை யாரோ இழுத்துப் பிடித்தது போல.

"டீச்சர், இன்னிக்கு ஏன் லேட்டு?"

"டிராம் ரோட்டுல விடல கண்ணு."

"நான் யாரையும் பேச விடல டீச்சர். சாப்பாட்டைக்கூடத் தொட விடல."

"தெரியும்மா." என்றார் டீச்சர். "இவங்கல்லாம் நம்ம வகுப்பு இல்ல. விருந்தாளிங்க. இவங்களை அனுப்பிடு. நீங்களும் போங்க. நான் சொல்றேன், போகலாம்."

வரிசைகளில் ஒரு கிசுகிசுப்பு ஓடி அடங்கியது.

"பெரிய சார் வந்துதான் சொல்லணும் டீச்சர். விருந்தாளிங்களை மட்டும் விடறேன். நிமிர். வணங்கு."

முழங்கால் என்னிடம் திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் கேப்டன் தம் கத்தியாலேயே டீச்சரின் கயிற்றை அறுத்தார். மூன்றாம் முயற்சியில்தான் அறுந்தது. "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா."

"பதிவுல என்ன எழுதட்டும் சார்?" என்றேன்.

"பெரிய சாருக்கு ஞாபக சக்தி ரொம்ப நல்லா இருக்குன்னு எழுது."

*

வடக்குக்குத் துணையாகச் சீனப் படை இறங்கி வருகிறது என்ற செய்தியோடு புதுவருடம் பிறந்தது. நகரம் இரண்டாம் முறை காலியானது. இந்த முறை யாரும் எந்த அறிவிப்பையும் நம்பவில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு லாரி பிடித்த பெருமையைப் பெரிய சாரே வைத்துக்கொண்டார். நடந்த எதையும் யாரும் அவரிடம் பேசவில்லை. கேப்டன் வேறு ஊருக்குப் போய்விட்டார். கேப்டன் போனால் அவர் கேட்டதும் கூடவே போய்விடும்.

லாரி புறப்படும் நேரத்தில் பியோ டீச்சர் அதன் முன்னால் வந்து நின்றார். விடுதலையான நாளிலிருந்து தினமும் மதியம் அந்த அறைக்குப் போய்ப் பாடம் நடத்தி, 'போகலாம்' சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"ஒரு வார்த்தை பெரிய சார். உள்ள போய், 'போகலாம்'னு ஒரே ஒரு வார்த்தை. நீங்க சொன்னதை நீங்கதான் மாத்தணும். நாமெல்லாம் போயிட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?"

லாரியில் இருந்த ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய சாருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ஆளே இல்லாத ரூமுக்கு லீவு விடணுமா? வாங்க, எல்லாருக்கும் காட்டறேன்."

நடந்தார். வாசற்படியில் பழக்கத்தில் ஷூவைக் கழற்றினார். உள்ளே போய் மேடையில் ஏறி, வாசலில் நின்ற எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். காலி மேசைகள். ஜன்னல் விளிம்பில் பனி.

"பார்த்தீங்களா?"

"நிமிர்," என்றது அந்தக் குரல். "வணங்கு."

எங்களுக்கு அவரைத் தவிர யாரும் தெரியவில்லை. அவருடைய முதுகு நிமிர்ந்தது. பிறகு மெதுவாக முகம் முன் வரிசைப் பக்கம் திரும்பியபோது பக்கவாட்டில் பார்த்தேன். பயம் இருந்தது. பயத்தின் மேல், திங்கட்கிழமைக் காலைக் கூட்டங்களில் நான் வருடக்கணக்காகப் பார்த்த ஒரு களை படர்ந்துகொண்டிருந்தது. அத்தனை பேர், அத்தனை அமைதியாக, தம்மையே பார்த்துக்கொண்டு.

"'போகலாம்'னு சொல்லுங்க பெரிய சார்," என்றார் டீச்சர்.

சொன்னால், 'உட்காருங்கள்' என்று சொன்னவரும் தாம்தான் என்றாகிவிடும். மரியாதையான வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு அந்த வார்த்தைக்குப் போய்ச் சேர நினைத்தார் போலிருக்கிறது. மூன்று முறை கனைத்தார்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே. நமது தேசம் இன்று ஒரு மாபெரும் சோதனையை..."

டீச்சர் மறுபடி கூப்பிட்டார். பெரிய சார் திரும்பாமலே கையை உயர்த்தி அடக்கினார். லாரி ஹாரன் அடித்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நானும் டிரைவரும் தோளைக் கொடுத்து இடித்தோம். உள்ளே நெருக்கமாக ஆட்கள் சாய்ந்து நிற்பது போல அது அசையவில்லை. கடைசியில் சிப்பாய்கள் வந்து எங்களை இழுத்துப்போய் லாரியில் ஏற்றினார்கள். கேட்டைத் தாண்டும்போதும் பலகைச் சந்து வழியாகப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. பெரிய சார் அதற்குள் கல்வியின் நோக்கம் வரை வந்திருந்தார்.

அதற்கும் மேலே, வானத்தில், மெல்லிய சீழ்க்கை.

*

நகரம் மறுபடி கைமாறிய பிறகு வசந்தத்தில் திரும்பினோம். பின்புறக் கட்டடம் எரிந்து போயிருந்தது. வாசற்படிக் கல் மட்டும் மிச்சம். அந்தக் கல்லின் மேல் சின்னச் சின்ன ரப்பர் காலணிகள் ஜோடி ஜோடியாக, முனை வெளியே பார்த்தபடி இருந்தன. ஓரத்தில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ, அதுவும் வெளியே பார்த்தபடி. சுற்றிலும் கணுக்கால் அளவுக்குச் சாம்பல். ஷூவில் மட்டும் முகம் பார்க்கலாம்.

மேலிடத்துக்கு விவரம் போய், பள்ளி முற்றத்தில் அவருக்கு ஒரு கல் நட்டார்கள். 'இறுதி வரை தம் மாணவர்களோடு நின்றவர்' என்று செதுக்கியிருந்தது. படித்துப் பார்த்தேன். பொய் என்று சொல்ல முடியாது.

கல் திறப்பு அன்று, கல்வி அதிகாரி பேசி முடித்து உட்கார்ந்தார். கூடாரப் பள்ளியின் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பியோ டீச்சர் என் பக்கத்தில் நின்றார். பேச்சு முடிந்து கைதட்டல் தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன அமைதி வருமே, அது வந்தது.

எரிந்த கட்டடத்தின் பக்கத்திலிருந்து, நிறைய நாற்காலிகள் மெல்லப் பின்னால் நகரும் சத்தம். ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்று நம்பிப் பிள்ளைகள் எழப் பார்ப்பது போல. டீச்சர் என் கையைப் பிடித்தார்.

யாரோ மூன்று முறை கனைத்தார்கள்.

நாற்காலிகள் ஒவ்வொன்றாக மறுபடி முன்னால் நகர்ந்தன.